அர்ஜென்ட் கேர் கிளினிக்கில் மருத்துவ உதவியாளர் களப்பயிற்சி

அமெரிக்காவில் மெடிக்கல் அசிஸ்டன்ட் என்று வழங்கப்படும் மருத்துவ உதவியாளர், நோயாளியை அறைக்கு அழைத்துச் சென்று அமர்த்துவது முதல், இரத்த அழுத்தமும் நாடியும் அளந்து பதிவது, இசிஜி எடுப்பது, எழுதித் தரப்பட்ட ஊசியைப் போடுவது, இரத்தமும் சிறுநீரும் சேகரித்துப் பரிசோதனைக்கு அனுப்புவது வரை, கிளினிக்குகளின் அன்றாட வேலையில் பெரும்பகுதியைத் தாங்குபவர். அவர் செவிலியர் அல்லர். பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கென்று தனி உரிமமும் கிடையாது. அவர் செய்யும் ஒவ்வொன்றும் உரிமம் பெற்ற ஒருவரின் உத்தரவின் பேரிலும் பொறுப்பிலுமே நடக்கிறது. இத்தொழிலுக்கான படிப்பின் கடைசிக் கட்டமாக, மாணவர் ஒரு கிளினிக்கில் நேரடியாக வேலை பழகுவதற்கு எக்ஸ்டர்ன்ஷிப் என்றும் பிராக்டிகம் என்றும் பெயர். சுகாதாரத் துணைத்தொழில் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் சி.ஏ.ஏ.எச்.இ.பி. என்னும் ஆணையத்தின் நெறிமுறைப்படி, இந்தக் களப்பயிற்சி குறைந்தது 160 மணி நேரம் நடக்கவேண்டும். அது மேற்பார்வைக்கு உட்பட்டதாகவும், படிப்பு முடிவதற்கு முன்பே நிறைவுறுவதாகவும் இருக்கவேண்டும்; பொதுவாக அதற்கு ஊதியம் இல்லை. முழுநேரக் கணக்கில் இது நான்கு வாரம்தான் என்பதால், அந்த நான்கு வாரத்தை எங்கே, எப்படிக் கழிப்பது என்ற முடிவு மாணவரின் தொழில் வாழ்க்கையில் சிறிய முடிவன்று.

குடும்ப மருத்துவரின் கிளினிக், குழந்தை மருத்துவம், தோல் மருத்துவம் எனப் பல இடங்களில் இப்பயிற்சி கிடைக்கிறது. அவற்றுள் அர்ஜென்ட் கேர் தனித்தன்மை உடையது. 1970களில் அமெரிக்காவில் தோன்றிய இவ்வகைக் கிளினிக்குகள், உயிருக்கு ஆபத்தில்லை எனினும் நாளை வரை தள்ளிப்போட முடியாத கோளாறுகளை, முன்பதிவு இல்லாமல் வருவோருக்கு, மாலை நேரங்களிலும் வார இறுதியிலும் கவனிப்பதற்காக அமைந்தவை. தொண்டை வலி, காது வலி, சிறுநீர்த் தொற்று, சுளுக்கு, தையல் போடவேண்டிய வெட்டுக்காயம் ஆகியவை இங்கே அன்றாடம். பள்ளி விளையாட்டுக்கான உடற்தகுதிச் சோதனை, வேலைக்குச் சேர்வோருக்கான போதைப்பொருள் சோதனை, பணியிடக் காயம் ஆகியவையும் பல கிளினிக்குகளில் சேர்ந்துகொள்கின்றன. பெரும்பாலும் ஒரே ஒரு ‘பிரொவைடர்’ இருப்பார். மருத்துவர், பிசிஷியன் அசிஸ்டன்ட், நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிய மூவரில் யார் நோயாளியைப் பார்த்தாலும் அவரைக் குறிக்கும் பொதுச்சொல் அது. அவருக்கும் காத்திருப்போர் கூடத்துக்கும் இடையே இருப்பவர் மருத்துவ உதவியாளரே. ஆகவே இங்கே பயிலும் மாணவர் கற்க வேண்டியவற்றுள் தலையாயது ஊசி போடும் கைத்திறன் அன்று. இந்த நோயாளி வரிசையில் காத்திருக்கலாமா, கூடாதா என்ற ஐயம் எழுந்த கணத்தில் அதை உரியவரிடம் சொல்லும் பழக்கமே. இந்த அத்தியாயம் அதை மனத்தில் கொண்டே அமைகிறது.

சேர்வதற்கு முன்

கல்லூரிக்கும் கிளினிக்குக்கும் இடையே எழுத்துமூலமான ஒப்பந்தம் இருக்கிறதா என்பதை மாணவர் முதலில் உறுதி செய்துகொள்ளவேண்டும். தெரிந்தவர் கிளினிக்கில் பேசிவைத்துச் சேர்ந்துவிட்டு, பின்னர் அந்த மணிநேரங்களைக் கல்லூரி ஏற்க மறுத்து அல்லல்படுவது தவிர்க்கக்கூடிய இழப்பு. பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, இதயநுரையீரல் உயிர்ப்பித்தலுக்கான பி.எல்.எஸ். அட்டை, தட்டம்மை, சின்னம்மை, டிடாப், ஃப்ளூ தடுப்பூசிகளின் சான்று ஆகியவற்றைக் கிளினிக்குகள் பொதுவாகக் கேட்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான மூன்று தவணைகள் ஆறு மாதத்துக்கு நீள்வதால், அதைப் படிப்பின் தொடக்கத்திலேயே ஆரம்பிப்பது நல்லது. ஒரு மாத இடைவெளியில் இரண்டே தவணையில் முடியும் ஹெப்லிசாவ் என்னும் மாற்றும் உண்டு.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பிறந்தவர் ஒன்றைத் தனியே கவனிக்கவேண்டும். பிறந்தவுடன் போடப்படும் பிசிஜி தடுப்பூசியின் விளைவாக, காசநோய்க்கான தோல் சோதனையில் நோய்த்தொற்று இல்லாமலேயே தடிப்பு தோன்றக்கூடும். அதன் பின் மார்பு எக்ஸ்ரே, மேல் விசாரணை என்று நாட்கள் நழுவி, பயிற்சி தொடங்கும் தேதியே தள்ளிப்போகும். குவான்டிஃபெரான் போன்ற இரத்தச் சோதனைகளைப் பிசிஜி பாதிப்பதில்லை என்பதால், தோல் சோதனைக்குப் பதிலாக அதையே முதலில் கேட்டுப் பெறுவது சரியான வழி.

விசா நிலையும் முன்கூட்டியே தெளிவாகவேண்டிய ஒன்று. எச்-4 விசாவில் இருப்பவர் படிப்பதற்குத் தடையில்லை. வேலை செய்வதற்கு ஈ.ஏ.டி. என்னும் அனுமதி அட்டை வேண்டும்; அது 2015 முதல், கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட எச்-1பி பணியாளர்களின் துணைவர் போன்ற சிலருக்குக் கிடைக்கிறது. எஃப்-1 மாணவர், படிப்பின் அங்கமாக வெளியிடத்தில் பெறும் பயிற்சிக்குக் கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகம் வழியாக சி.பி.டி. என்னும் முன் அனுமதி பெறவேண்டும். ஊதியமில்லை என்பதாலேயே அது வேலை ஆகாது என்று தாமாக முடிவு செய்துகொள்வது ஆபத்தானது. கல்லூரியிடமும், தேவையெனில் குடிவரவு வழக்கறிஞரிடமும் எழுத்தில் விடை பெற்ற பின்னரே முதல் நாள் கிளினிக்குக்குச் செல்லவேண்டும்.

தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் பருவத்தையும் கருதலாம். குளிர்காலத்தில் ஃப்ளூ, கோவிட், தொண்டைச் சோதனைகள் குவியும். கை வேகம் பெறும், ஆனால் ஒரே வகை நோயாளிகளையே பார்த்துத் திரும்பும் வாய்ப்பு அதிகம். கோடையில் வெட்டுக்காயம், பூச்சிக்கடி, ஒவ்வாமை, ஆகஸ்டு மாதத்தில் பள்ளி விளையாட்டுச் சோதனைகள் என வகை விரியும். இரத்தம் எடுத்துப் பழகுவதே நோக்கம் என்றால் அர்ஜென்ட் கேர் சிறந்த இடமன்று என்பதையும் சொல்லவேண்டும். இங்கே விரல் நுனிக் குருதியிலும் மூக்குத் துடைப்பிலுமே பெரும்பாலான சோதனைகள் முடிந்துவிடுவதால், அந்தப் பழக்கத்துக்கு முதியோரும் நீரிழிவாளரும் வரும் பொது மருத்துவக் கிளினிக்கே ஏற்றது.

மாநிலம் வகுத்த எல்லை

மருத்துவ உதவியாளர் எதைச் செய்யலாம் என்பதை ஒன்றிய அரசு வகுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுக்கிறது. கலிஃபோர்னியாவில் தனி உரிமம் இல்லை. ஆனால் ஊசி போடுவதற்கும் தோல் சோதனைக்கும் 10 மணி நேரம், இரத்தம் எடுப்பதற்கு 10 மணி நேரம் என்று பயிற்சி பெற்று, தசையூசி, தோலடியூசி, தோலூசி ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து முறையாவது திருப்திகரமாகச் செய்துகாட்டியிருக்க வேண்டும் என்று விதி உண்டு. அங்கே மருத்துவ உதவியாளர் மேலோட்டமான காயத்தின் தையலைப் பிரிக்கலாம், காதில் அடைத்த குறும்பியைக் கழுவி எடுக்கலாம், ஊன்றுகோலை உயரத்துக்கேற்ப அமைத்துக் கொடுக்கலாம்; ஆனால் மரத்துப்போகும் மருந்து செலுத்தலாகாது, சிரை வழி நீர்மம் தொடங்கலாகாது, தொலைபேசியில் நோய்நிலையை எடைபோடலாகாது, உரிய அனுமதிச் சீட்டின்றி எக்ஸ்ரே எடுக்கலாகாது. வாஷிங்டன் மாநிலமோ 2013 முதல் இத்தொழிலைப் பல வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுகாதாரத் துறையின் சான்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் படித்த தோழி செய்தார் என்பதற்காக ஒன்றைச் செய்யத் துணிவது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்த எல்லை, இந்தியாவிலோ இலங்கையிலோ மருத்துவராகவும் செவிலியராகவும் பணியாற்றிவிட்டு, அமெரிக்க உரிமத் தேர்வுகளுக்கு இடையே இத்தொழிலுக்கு வருவோருக்கே மிகுந்த சோதனையாகிறது. பத்தாண்டு தையல் போட்ட கை, பயிற்சியாளர் அட்டையை அணிந்தபடி தையல் தட்டை மட்டும் அடுக்கி வைத்து ஒதுங்கி நிற்கவேண்டியிருப்பது எளிதன்று. அவர்களுடைய அறிவுக்கு அது இழுக்குமன்று. நோயாளி “இது என்னவாக இருக்கும்?” என்று கேட்கும்போது, விடை தெரிந்திருந்தும், “மருத்துவர் வந்து பார்த்துச் சொல்வார்” என்று நிறுத்திக்கொள்வதே அங்கே சட்டம் எதிர்பார்க்கும் ஒழுக்கம். அவ்வறிவை வெளிப்படுத்த வேறொரு சரியான வழி இருக்கிறது: கண்டதைத் துல்லியமாகப் பிரொவைடரிடம் சொல்வது.

கண்டதும் சொல்வதும்

நெஞ்சு வலியோடு வருபவரை எடுத்துக்கொள்ளலாம். இதயத் தசைக்குக் குருதி தடைப்படும் மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் தசை மடிகிறது என்பதால், நோயாளி வந்த பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து மருத்துவர் கண்ணில் காட்டவேண்டும் என்பது அமெரிக்க இதய நலச் சங்கம் வலியுறுத்தும் அளவுகோல். அர்ஜென்ட் கேருக்கு வருவோர் எல்லோரும் மார்பைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. தாடை வலி, மேல்வயிற்று எரிச்சல், காரணமில்லாத களைப்பு, குமட்டல், வியர்வை ஆகியவற்றோடு மட்டும் வருவோர் உண்டு. பெண்களிடமும் முதியோரிடமும் நீரிழிவாளரிடமும் இது மிகுதி. தெற்காசியருக்கு இதயநோய் மற்றவரைவிட இளவயதிலேயே வருவதும் அறியப்பட்ட ஒன்று. மகள் வீட்டுக்கு நியூஜெர்சி வந்திருக்கும் பெரியவர், “வாயுதான்மா, இஞ்சி சாறு குடிச்சா சரியாப் போயிடும்” என்று தாமே நோயைத் தீர்மானித்துச் சொல்லும்போது, அதைக் கேட்ட மாணவர் வயிற்றுக்கோளாறு என்று பதிந்து அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டால், அந்தப் பத்து நிமிடம் காத்திருப்போர் கூடத்திலேயே கழிந்துவிடும். எங்கே வலி, எப்போது தொடங்கியது, நடந்தால் கூடுகிறதா, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்று கேட்டு, நோயாளி சொன்னதைச் சொன்னபடி பதிந்து, பிரொவைடர் இன்னொரு அறையில் இருந்தாலும் கதவைத் தட்டி, “மூன்றாம் அறையில் அறுபத்தெட்டு வயதுடையவர், ஒரு மணி நேரமாக மேல்வயிற்றில் வலி, வியர்த்திருக்கிறார்” என்று ஒரே வாக்கியத்தில் சொல்வது மாணவராலும் இயலும். தட்டுவதற்குத் தயங்குவதே முதல் வாரத்து மாணவரின் பெருங்குறை. அனுபவமுள்ள பிரொவைடர் எவரும் இத்தகைய குறுக்கீட்டைக் குற்றமாகக் கொள்வதில்லை.

இசிஜி எடுக்கும்போது கை வைக்கும் இடத்திலேயே பிழை நேர்கிறது. வி1, வி2 எனப்படும் முதலிரண்டு மின்முனைகள் நெஞ்செலும்பின் இரு பக்கமும் நான்காம் விலா இடைவெளியில் அமையவேண்டியவை. அவசரத்தில் அவை இரண்டாம், மூன்றாம் இடைவெளிக்கு ஏறிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, அப்போது இல்லாத மாரடைப்பின் சாயலைத் தாளில் காட்டவும் கூடும். நெஞ்செலும்பின் மேற்பகுதியில் விரலை வைத்துக் கீழே நகர்த்தினால் ஒரு மேடு தட்டுப்படும். அதை ஒட்டியிருப்பது இரண்டாம் விலா. அதற்குக் கீழுள்ள பள்ளம் இரண்டாம் இடைவெளி. அங்கிருந்து இரண்டு இடைவெளி இறங்கினால் நான்காவது. வி4 ஐந்தாம் இடைவெளியில் காரை எலும்பின் நடுக்கோட்டிலும், வி3 அதற்கும் வி2க்கும் நடுவிலும், வி5, வி6 இரண்டும் வி4இன் மட்டத்திலேயே அக்குளை நோக்கியும் செல்லும். பொறி அச்சிட்டுத் தரும் முடிவுரையை நோயாளியிடம் வாசித்துக் காட்டுவது மாணவர் வேலையன்று; தாளை உடனே பிரொவைடர் கையில் கொடுப்பதே அவர் வேலை.

மூச்சுத்திணறலுக்கும் இதே விதி பொருந்தும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 96 காட்டினாலும், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் இரண்டு இரண்டு சொல்லாகப் பேசும் ஆஸ்துமா நோயாளி அபாயத்தில் இருக்கிறார். நாடியைப் பிடித்தபடியே முப்பது விநாடி மார்பின் ஏற்றத்தாழ்வை எண்ணி இரட்டிக்காமல், பழக்கத்தால் எல்லாருக்கும் மூச்சு எண்ணிக்கை 16 என்று பதிந்துவிடும் வழக்கம் பல கிளினிக்குகளில் ஊறியிருக்கிறது. மாணவர் அதைக் கற்றுக்கொள்ளக் கூடாது.

குழந்தைகளின் எடை இன்னொரு கண்ணி. அமெரிக்கப் பெற்றோர் எடையைப் பவுண்டில் சொல்வார்கள். மருந்தின் அளவோ கிலோவில் கணக்கிடப்படுகிறது. 44 பவுண்டு குழந்தையின் எடை 20 கிலோ. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் அசெட்டமினோஃபென் 300 மில்லிகிராம் போதும். கணினியில் 44 என்ற எண் கிலோக் கட்டத்தில் ஏறிவிட்டால் அதே கணக்கு 660 என்று வந்து நிற்கும். ஆகையால் எடைப்பொறியைக் கிலோவிலேயே பூட்டி வைத்திருக்கும் கிளினிக்குகளின் வழக்கம் போற்றத்தக்கது. இல்லாத இடத்தில் மாணவர் எண்ணைப் பதிந்தபின் குழந்தையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவேண்டும்.

கிளினிக்கிலேயே செய்யும் விரைவுச் சோதனைகள், ஆய்வகச் சோதனைகளை ஒழுங்குபடுத்தும் 1988ஆம் ஆண்டின் கிளியா சட்டத்தின்படி, ‘விலக்களிக்கப்பட்டவை’ என்ற எளிய வகையைச் சேர்ந்தவை. எளிமை என்பது அலட்சியத்துக்கு அனுமதியன்று. ஸ்ட்ரெப் தொண்டைச் சோதனையில் இரு டான்சில்களையும் பின்தொண்டையையும் அழுத்தித் துடைக்காமல், குழந்தை குமட்டுகிறது என்று நாக்கைத் தொட்டுவிட்டு எடுத்தால், கிருமி இருந்தும் இல்லையென்றே வரும். சிறுநீர்ப் பட்டையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வாசிக்கும் விநாடி வேறு. பெட்டியில் உள்ளபடி கடிகாரம் பார்த்து வாசிக்கவேண்டுமே தவிர நிறம் மாறியது போதும் என்று விடலாகாது. போக்குவரத்துத் துறை விதிப்படி லாரி ஓட்டுநர்களிடம் எடுக்கும் போதைப்பொருள் சோதனைக்கான சிறுநீர்ச் சேகரிப்பை, அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றுப் பிழையின்றி ஐந்து ஒத்திகை செய்துகாட்டிய பின்னரே ஒருவர் தனித்துச் செய்யலாம். மாணவர் பார்த்துக் கற்கலாம், கையெழுத்திடலாகாது.

தமிழ் மட்டுமே பேசும் நோயாளி வரும்போது, உடனிருக்கும் தமிழ் மாணவரை மொழிபெயர்க்கச் சொல்வது இயல்பாக நடக்கும். ஒன்றிய நிதி பெறும் மருத்துவ நிலையங்கள் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரையே பயன்படுத்தவேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் 1557ஆம் பிரிவு சார்ந்த விதிகள் கூறுகின்றன. வணக்கம் சொல்லி அமர்த்தவும், பயத்தைப் போக்கவும் தாய்மொழி பேசலாம்; மருந்தின் அளவையும் ஒப்புதல் படிவத்தையும் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வழியே சொல்லவைப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு.

மாணவரின் பாதுகாப்பும் உரிமையும்

பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா அமைப்பு, இரத்தத்தால் பரவும் கிருமிகள் குறித்து 1991இல் கொண்டுவந்த விதியும் 2000ஆம் ஆண்டின் ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டமும் பணியாளரைக் காக்கின்றன. ஊதியம் பெறாத மாணவர் அவற்றின் கண்ணில் பணியாளர் அல்லர். எனவே பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் சிகிச்சைச் செலவை ஏற்பது கல்லூரியின் காப்பீடா, கிளினிக்கா, மாணவரா என்பதை முதல் நாளுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கவேண்டும். குத்தியவுடன் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அப்போதே மேற்பார்வையாளரிடம் சொல்லவேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நலம், 72 மணி நேரத்துக்குப் பின் பரிந்துரைக்கப்படுவதில்லை. வெட்கத்தாலோ மதிப்பெண் குறையும் என்ற அச்சத்தாலோ மறைத்து, மறுநாள் சொல்லலாம் என்றிருப்பதைவிடத் தீங்கான முடிவு இப்பயிற்சியில் வேறொன்றில்லை.

பணியாளர் ஒருவர் வராத நாளில் அந்த இடத்தை மாணவரைக் கொண்டு நிரப்புவது அர்ஜென்ட் கேரில் அடிக்கடி நேரும் முறைகேடு. ஊதியமில்லாப் பயிற்சியால் முதன்மையாகப் பயனடைபவர் பயிற்சி பெறுபவரா, நிறுவனமா என்று பார்க்கும் அளவுகோலைத் தொழிலாளர் துறை 2018 முதல் கைக்கொள்கிறது. மாணவர் பணியாளருக்குத் துணையாக இருக்கிறாரா, அவருக்கு மாற்றாகவே நிற்கிறாரா என்பது அதன் கூறுகளில் ஒன்று. ஒரு நாள் நெருக்கடிக்குக் கைகொடுப்பது மனிதப் பண்பு. வாரக்கணக்கில் மேற்பார்வையின்றி அறைகளை நிரப்பிக்கொண்டே இருக்கச் சொன்னால், கல்லூரியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவிப்பது மாணவரின் கடமை, ஏனெனில் அங்கே கெடுவது நோயாளியின் பாதுகாப்பும்கூட. ஊதியம் இன்றியமையாத குடும்பச் சூழல் உடையவர், தொழிலாளர் துறையில் பதிவுபெற்ற அப்ரென்டிஸ்ஷிப் திட்டங்கள் தம் மாநிலத்தில் உண்டா என்று பார்க்கலாம். அவற்றில் முதல் நாளிலிருந்தே கூலி உண்டு.

மின்னணு நோயாளிப் பதிவேட்டில் மாணவருக்கென்று தனி நுழைவுச்சொல் கேட்டுப் பெறவேண்டும்; மேற்பார்வையாளரின் நுழைவில் அமர்ந்து பதிவது ஹிப்பா என்னும் 1996ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டம் சார்ந்த விதிகளுக்கு முரணானது, பின்னர் ஒரு பிழைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போது இருவரையும் சிக்கவைப்பது. செய்த ஒவ்வொரு செயலையும், எத்தனை ஊசி, எத்தனை இசிஜி, யார் முன்னிலையில் என்று நோயாளியின் பெயரோ அடையாளமோ இல்லாமல் கையேட்டில் குறித்து, அன்றன்றே கையொப்பம் வாங்கிவிடவேண்டும். அர்ஜென்ட் கேரில் பணியாளர்கள் அடிக்கடி கிளை மாறுவார்கள். கடைசி வாரத்தில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த மணிநேரங்களுக்குச் சான்று சொல்ல அப்போது ஆள் இருக்கமாட்டார். பயிற்சி முடிவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே மதிப்பீட்டுப் படிவத்தை மேற்பார்வையாளரிடம் கொடுத்து, குறையாகக் குறிக்கப்பட்ட திறன் ஏதேனும் இருந்தால் எஞ்சிய நாட்களில் அதை மீண்டும் செய்துகாட்ட வாய்ப்புக் கேட்கவேண்டும்.